பாறை ஏறும் பயிற்சி: திருகோணமலை இளையோருக்கு எட்டாக்கனியா?

திருகோணமலைக்கு வரும் எவர் கண்ணிலும் முதலில் படுபவை இரண்டு. ஒன்று கடல், மற்றது பாறை. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இந்நகரை ஆக்கியதும் இவ்விரண்டின் சேர்க்கையே. கோணேசர் ஆலயத்துக்குச் செல்வோர் இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று, செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் மலைமுகத்தை அச்சமும் வியப்பும் கலந்து பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். வெருகல் தொடக்கம் புல்மோட்டை வரை காடுகளுக்கிடையிலும் கரையோரத்திலும் பாறைகள் தலைகாட்டுகின்றன. ஆயினும் கடலைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற இம்மாவட்டத்து மக்கள் பாறையைக் கற்றதில்லை. கற்பிக்க எவரும் முன்வரவில்லை என்பதே இதற்குக் காரணமாகும்.

பாறை ஏறுதல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் விளையாட்டு என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. போரினாலும் ஆழிப்பேரலையினாலும் நொந்துபோன ஒரு மாவட்டத்துக்கு இது தேவைதானா என்ற கேள்வியும் எழக்கூடும். அக்கேள்வி நியாயமானது. ஆனால் இப்பயிற்சியின் உள்ளடக்கம் என்ன, அது இளைஞரிடத்தே எதை வளர்க்கிறது, நம் மாவட்டத்தின் சிக்கல்களோடு அது எங்கே வந்து முட்டுகிறது என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அதற்கு விடை கூறுதல் பொருத்தமாகும்.

மரபுவழி ஏற்றம் என்பது என்ன?

பாறை ஏறுதலில் பல முறைகள் உள்ளன. ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறுவது செயற்கைச் சுவரில் ஏறும் முறை. இயற்கைப் பாறையில் துளையிட்டு நிரந்தரமாக ஆணிகளைப் பொருத்தி, அவற்றில் கயிற்றை மாட்டி ஏறுவது இன்னொரு முறை. மரபுவழி ஏற்றம் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இதில் முன்னே ஏறுபவர் பாறையின் வெடிப்புகளில் சிறு உலோகக் கட்டைகளைச் செருகி, அவற்றில் கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலே செல்கிறார். கீழே நிற்பவர் அக்கயிற்றைப் பிடித்துக் காக்கிறார். முன்னவர் மேலே சென்று தம்மை உறுதியாகக் கட்டிக்கொண்ட பின்னர், இரண்டாமவர் அக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு ஏறுகிறார். ஏறி முடித்த பின் பாறையில் எதுவும் எஞ்சுவதில்லை.

இம்முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் ஏறுவோர் இரும்பு முளைகளைச் சுத்தியலால் வெடிப்பில் அடித்து ஏறினர். அதே முளைகளை மீண்டும் மீண்டும் அடித்துக் கழற்றியதால் அமெரிக்காவின் யொசெமிட்டி பள்ளத்தாக்கில் பாறைகளே சிதைந்தன. முளைகளைச் செய்து விற்று வந்த இவோன் ஷுனார்ட், 1972 இல் தமது விற்பனைப் பட்டியலிலேயே முளைகளைக் கைவிடுமாறும் கையால் செருகிக் கழற்றும் கட்டைகளுக்கு மாறுமாறும் ஏறுவோரை வேண்டிக்கொண்டார். பிரித்தானியாவிலோ அதற்கு முன்னரே, வேல்ஸ் நாட்டு மலைகளில் ஏறியவர்கள் புகையிரதப் பாதையோரம் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கி, அவற்றின் துளையில் கயிறு கோத்து வெடிப்புகளில் செருகிப் பயன்படுத்தினர். இன்றும் அக்கருவிக்கு 'நட்' என்பதே பெயர். 1970களின் இறுதியில் விரிந்து சுருங்கும் 'கேம்' எனும் பொறிக்கருவி சந்தைக்கு வந்தது. பெருஞ்செல்வமோ பெருந்தொழிற்சாலையோ இன்றி, கைக்கெட்டிய பொருளைக்கொண்டு மனிதர் கண்டறிந்த தொழில்நுட்பமே இதன் அடிப்படை என்பது கவனிக்கத்தக்கது.

நமது தீவின் பழைய அறிவு

கயிறு கொண்டு பாறையில் ஏறுதல் இத்தீவுக்குப் புதியதல்ல. வேடுவ மக்கள் செங்குத்தான பாறைகளில் கொடிகளால் பின்னிய ஏணிகளைத் தொங்கவிட்டு மலைத்தேன் எடுத்ததை, 1911 இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூல் விவரிக்கின்றது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் மூதூர், வெருகல் பகுதிகளில் இன்றும் தமிழ் பேசி வாழ்ந்து வருகின்றனர்.

1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவடு உள்ளதாகக் கருதப்படும் பாவாத மலைக்கு ஏறிச் சென்ற அனுபவத்தைத் தமது பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அவருக்கு வழித்துணையும் பல்லக்கும் தந்து அனுப்பியவர் தமிழ் மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. பாறையில் இரும்பு முளைகள் அறையப்பட்டு அவற்றில் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்ததாகவும், பத்துச் சங்கிலிகளுள் இறுதியானது கலிமாச் சங்கிலி எனப் பெயர்பெற்றதாகவும் அவர் கூறுகிறார். அவ்விடத்தில் நின்று கீழே நோக்குவோர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதே அப்பெயருக்குக் காரணம். சைவர்கள் சிவனொளிபாத மலை என்று போற்றும் அதே சிகரத்துக்குத் தமிழ் மன்னர் ஒருவரின் உதவியோடு முஸ்லிம் பயணி ஒருவர் சங்கிலி பற்றி ஏறினார் என்ற இச்செய்தி, நம் இரு சமூகங்களும் நினைவிற்கொள்ள வேண்டியதொன்றாகும்.

அண்மைக் காலத்திலும் எடுத்துக்காட்டுகளுக்குக் குறைவில்லை. 1997 மே 23 இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாசும் தமிழர்களே. தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதத்தில் அச்சிகரத்தை அடைந்தார். இலங்கையிலிருந்து முதன்முதலாக 2016 மே 21 இல் எவரெஸ்டில் கால்பதித்தவர் ஜயந்தி குரு உதும்பால என்ற பெண்மணி. ஓர் இலங்கை ஆடவர், யொஹான் பீரிஸ், அங்கே சென்றடைந்தது இரண்டு ஆண்டுகளின் பின்னரே. முஸ்லிம் உலகை நோக்கினால், 2013 மே மாதத்தில் சவூதி அரேபியாவின் ரஹா முஹர்ரக்கும் பாகிஸ்தானின் சமீனா பெய்க்கும் அடுத்தடுத்த நாள்களில் எவரெஸ்டை அடைந்தனர். இந்தோனேசியாவின் அரீஸ் சுசாந்தி ரஹாயு ஹிஜாப் அணிந்தவாறே 2019 இல் 15 மீற்றர் சுவரை ஏழு வினாடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி உலக சாதனை நிலைநாட்டினார். மார்க்கமோ மரபோ இத்துறைக்குத் தடையன்று என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

ஜயந்தி குரு உதும்பால பயிற்சி பெற்ற இடம் இந்தியாவின் டார்ஜிலிங் நகரிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவகம். டென்சிங் நோர்கேயின் வெற்றியைத் தொடர்ந்து 1954 நவம்பரில் நேருவின் முயற்சியால் உருவாக்கப்பட்ட அந்நிறுவகத்தில் களப்பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் டென்சிங்கே. ஒருவரின் சாதனையைச் சிலையாக்கி நிறுத்திவிடாமல் அதனை ஒரு கல்விக்கூடமாக மாற்றிய அத்தூரநோக்கு இலங்கையில் இன்னும் வாய்க்கவில்லை.

முகாமில் கற்பிக்கப்படுவது என்ன?

மரபுவழி ஏற்றத்தை நூலைப் படித்தோ காணொளி பார்த்தோ கற்றுவிட முடியாது. பழைய நாளில் ஒருவர் மூத்த ஏறுநர் ஒருவரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கற்றார். இன்று அந்த இடத்தைச் சிறு குழுக்களுக்கான திறந்தவெளிப் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் நிரப்பி வருகின்றன.

முறையான ஒரு முகாமின் முதல் நாளில் மாணவர் கால் தரையைவிட்டு அதிகம் எழுவதில்லை. இடுப்புக் கச்சையை அணிவது, எட்டு வடிவ முடிச்சை இடுவது, ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்ப்பது, விழுபவரின் பாரத்தைக் கயிற்றில் தாங்குவது என்பனவே பாடங்கள். பின்னர் பாறையின் அடிவாரத்தில் நின்றவாறே வெடிப்பைப் படிக்கக் கற்பிக்கப்படுகின்றது. கீழ்நோக்கிக் குறுகும் வெடிப்பில் நட் தானாகவே இறுகும், இணையான சுவர்களைக் கொண்ட வெடிப்பில் கேம் பொருந்தும், தட்டினால் வெற்றொலி எழுப்பும் பாறையில் எதனையும் நம்பலாகாது. மாணவர் செருகிய ஒவ்வொரு கட்டையையும் ஆசிரியர் இழுத்துப் பார்த்து, ஏன் நிற்கும் அல்லது ஏன் நிற்காது என்று விளக்குகிறார். அடுத்து, மூன்று தனித்தனிக் கட்டைகளில் பாரத்தைப் பகிர்ந்து, ஒன்று கழன்றாலும் மற்றவை தாங்குமாறு நங்கூரம் அமைக்கும் முறை. நங்கூரம் என்ற சொல்லையும் அதன் பொருளையும் திருகோணமலைப் பிள்ளைக்கு விளக்க வேண்டிய தேவை இருக்காது.

இவற்றைக் கற்ற பின்னரும் மாணவர் உடனே முன்னேறிச் செல்வதில்லை. நீண்டகாலம் இரண்டாமவராகவே ஏறி, முன்னவர் செருகிய கட்டைகளைக் கழற்றியெடுத்துப் படிக்கின்றார். கடைசியாகச் செருகிய கட்டைக்கு 3 மீற்றர் மேலே சென்று கைநழுவுபவர் குறைந்தது 6 மீற்றர் விழுவார். கயிற்றின் நெகிழ்ச்சியால் அத்தூரம் இன்னும் கூடும். ஆகவே எப்போது திரும்ப வேண்டும் என்று அறிவதும் ஒரு பாடம். ஏறும்போதைய கவனம் இறங்கும்போது தளர்வதால், கயிற்றில் இறங்குகையில் கயிற்றின் முனையில் முடிச்சிட மறந்து உயிரிழந்தோர் உலகெங்கும் உளர். அனுபவம் மிக்கவர்களும் அவர்களுள் அடங்குவர்.

இப்பாடங்கள் பாறைக்கு மட்டும் உரியவையல்ல. தன் கண்ணால் சோதித்தறியாததை நம்பாதிருத்தல், இன்னொருவர் உயிரைத் தன் கையில் வைத்திருக்கும் பொறுப்பை உணர்தல், வெட்கமின்றிப் பின்வாங்குதல் ஆகியவை பரீட்சைப் புள்ளிகளையே அளவுகோலாகக் கொண்ட நம் கல்விமுறை கற்பிக்கத் தவறியவையாகும்.

எந்தப் பாறையில் ஏறுவது?

இவ்விடத்தில்தான் திருகோணமலையின் தனிச்சிக்கல் எழுகின்றது. பிற நாடுகளில் பாறை என்பது பாறை மாத்திரமே. இங்கு ஒவ்வொரு குன்றின் மீதும் ஓர் உரிமைக்கோரல் உள்ளது. போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பிய வரலாற்றைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. கன்னியா வெந்நீரூற்று தொடங்கி குச்சவெளிப் பிரதேசத்துக் குன்றுகள் வரை, தொல்லியலின் பெயரால் நிலம் பறிபோகின்றது என்ற அச்சம் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு தரப்பினரிடமும் உண்டு. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்காக 2020 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இடம்பெறவில்லை என்பது அவ்வச்சத்தை மேலும் வலுப்படுத்தியது.

இத்தகைய சூழலில் கயிறும் தலைக்கவசமுமாக ஒரு குழு குன்றொன்றில் ஏறத் தொடங்கினால், ஊர்மக்கள் ஐயத்துடன் நோக்குவதில் வியப்பில்லை. எனவே சில எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளல் வேண்டும். கோணேசர் மலை வழிபாட்டுக்குரியது. அதன் முகத்தில் ஏறும் எண்ணமே எவருக்கும் எழலாகாது. கோயில், பள்ளிவாசல், சியாரம், விகாரை, தொல்லியற் சின்னம் ஆகியவை உள்ள எக்குன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். எஞ்சிய பாறைகளுள் எவை ஏற்றவை என்பதை அவ்வவ்வூர் மக்களின் ஒப்புதலோடு பிரதேச செயலகங்கள் தீர்மானிக்கலாம். பாறையில் ஆணி அறையாத, தழும்பு வைக்காத மரபுவழி முறையே இங்கு மிகப் பொருத்தமானது. எதனையும் நிரந்தரமாக விட்டுச் செல்லாத ஒருவர் மீது நில ஆக்கிரமிப்பாளர் என்ற ஐயம் எழுவதற்கு இடமில்லை.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. வெப்பவலயக் கடற்கரைப் பாறைகளில் அறையப்படும் சாதாரண துருப்பிடிக்காத உருக்கு ஆணிகள் உப்புக்காற்றினால் வெடித்துப் பலமிழக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது புலப்படாது. தாய்லாந்தின் கரையோரப் பாறைகளில் இதன் காரணமாகவே விலைமிக்க டைட்டானியம் ஆணிகளுக்கு மாற நேர்ந்தது. கழற்றி எடுத்து, நன்னீரில் கழுவி, சோதித்துப் பேணக்கூடிய கருவிகளே நம் கரைக்கு உகந்தவை.

உயிரோடு விளையாடலாகாது

இனி, பாதுகாப்பைப் பற்றிக் கூறியாக வேண்டும். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுவந்த வேளையில் மாற்றாக ஓடிய மிதவைப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு பேர் உயிரிழந்தனர். அக்காலைப் பொழுதின் ஓலத்தை இம்மாவட்டம் மறவாது. பிள்ளைகளை ஓர் அபாயமான ஊடகத்தில் ஏற்றுமுன் அதன் தகுதியை யார் சோதித்தார், யார் அனுமதித்தார், யார் பொறுப்பு என்ற மூன்று வினாக்களுக்கும் விடை இருந்தாக வேண்டும். பாறைக்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்தில் 1993 மார்ச் மாதத்தில் லைம் குடாவில் வெளிக்களப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லப்பட்ட மாணவர்களுள் நால்வர் கடலில் மாண்டனர். பயிற்சி நிலையத்தை நடத்திய நிறுவனமும் அதன் தலைவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1995 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, இளையோருக்கு இத்தகைய பயிற்சி அளிக்கும் நிலையங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நால்வரின் மரணம் ஒரு சட்டத்தைத் தந்தது. நாம் மரணத்துக்காகக் காத்திராமல் சட்டத்தை முதலில் ஆக்கிக்கொள்வது அறிவுடைமையாகும்.

உள்ளூர் இடர்களும் உள்ளன. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையால் பாறை வழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை வேளைக்குப் பின் வெயில் பாறையைத் தொட விடாது. சிகிரியாவில் குளவிகள் கொட்டி மக்கள் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நம் பகுதிப் பாறைகளிலும் கூடுகளைக் கவனித்தே கால்வைக்க வேண்டும். போர் நடந்த மண் ஆதலால், பாதுகாப்பானது என உறுதிப்படுத்தப்படாத காட்டுப்பகுதிக்குள் எந்தக் குழுவையும் அழைத்துச் செல்லலாகாது.

யார், எந்த மொழியில் கற்பிப்பது?

கயிற்று வேலையும் பாறை வேலையும் அறிந்தோர் முப்படைகளில் உளர். ஆகவே அவர்களிடமே இப்பணியை ஒப்படைக்கலாம் என்று கொழும்பில் எவரேனும் யோசனை கூறக்கூடும். 2011 இல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சி இராணுவ முகாம்களில் நடத்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை இங்கு நினைவூட்ட வேண்டியுள்ளது. பெற்றோர் நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்ப வேண்டுமாயின், பயிற்சி சிவில் நிர்வாகத்தின் கீழ், சிவில் ஆசிரியர்களால் நடத்தப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், தேசிய இளைஞர் சேவைகள் மன்றம், சாரணர் இயக்கம் ஆகியவை இதற்குரிய தளங்களாகும்.

மொழி இதில் உயிர்ப்பிரச்சினையாகும். மேலே இருப்பவர் கீழே நிற்பவரைக் காணமுடியாத நிலையில், காற்றிரைச்சலுக்கு இடையே ஒரு சொல்லே இருவருக்கும் இடையிலான இணைப்பு. 'கயிற்றைத் தளர்த்து' என்பதை 'கயிற்றை விடு' என்று தவறாக விளங்கிக்கொண்டால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசும் பிள்ளைக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கட்டளைகளைக் கற்பிப்பது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும். 'கட்டியாயிற்று', 'ஏறுகிறேன்', 'இறுக்கு', 'தளர்த்து', 'கல்' என ஒன்றோடொன்று மயங்காத குறுஞ்சொற்களைத் தமிழில் வகுத்துக்கொள்ளலாம். சிங்களப் பிள்ளைகளும் கலந்துகொள்ளும் குழுக்களில் இரு மொழிச் சொற்களையும் எல்லோரும் கற்க வேண்டும். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எவரும் தனிப்பெரும்பான்மை பெறாத மாவட்டம் இது. நல்லிணக்கக் கருத்தரங்குகள் பல நடந்து, தேநீரோடு முடிந்துபோனதை நாம் அறிவோம். மூதூர்ப் பிள்ளையின் கயிற்றைச் சேருநுவரப் பிள்ளையும், அவன் கயிற்றைச் சம்பூர்ப் பிள்ளையும் பிடித்திருக்கும் நிலையில் நம்பிக்கை பற்றி எவரும் விரிவுரை ஆற்ற வேண்டியிராது.

பெண்பிள்ளைகளின் பங்கேற்பையும் தொடக்கத்திலேயே திட்டமிடல் வேண்டும். பெண் ஆசிரியைகள், தனிக்குழுக்கள், ஆடை குறித்த நெகிழ்வு, தொழுகைக்கும் உணவுக்கும் உரிய ஏற்பாடு ஆகியவை இருந்தால் பெற்றோரின் தயக்கம் பெரிதும் நீங்கும். பிரசாரத்துக்காகச் சில மாணவிகளைப் படம்பிடித்துவிட்டு அனுப்புதல் பயன் தராது.

கைமேல் பலன்

இவ்வளவும் எதற்கு என்று மீண்டும் கேட்கப்படலாம். 2004 டிசெம்பர் 26 இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் அலை வந்து மீண்டபோது, முதலில் கைகொடுத்தவர்கள் அயல்வீட்டு இளைஞர்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கி, வெள்ளத்தாலும் மண்சரிவுகளாலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அதுவே நிகழ்ந்தது. வெறுங்கையோடும் துணிவோடும் ஓடியவர்களுக்குக் கயிற்றைக் கட்டவும், நங்கூரம் அமைக்கவும், காயமுற்றவரைச் சரிவிலிருந்து இறக்கவும் தெரிந்திருந்தால், காப்பாற்றப்படும் உயிர்கள் கூடியிருக்கும். காப்பாற்றச் சென்றோருக்கு நேரும் ஆபத்தும் குறைந்திருக்கும். பாறையில் கற்கும் முடிச்சும் நங்கூரமும் அனர்த்த மீட்புக்கும் அடிப்படையாவன. இடர் முகாமைத்துவ நிலையத்தின் மாவட்டப் பிரிவு இம்முகாம்களோடு இணைக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தொழில்வாய்ப்பும் புறக்கணிக்கத்தக்கதல்ல. நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் உல்லாச விடுதிகள் பெருகியபோதும், அங்கே நம் இளைஞர் பெரும்பாலும் பரிமாறுவோராகவும் துப்புரவு செய்வோராகவுமே உள்ளனர். தகுதிச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி என்ற நிலை வேறு, அதற்குரிய ஊதியமும் மதிப்பும் வேறு. நாம் பயிற்றுவிக்காவிட்டால் அவ்விடத்தை வெளியிலிருந்து வரும் நிறுவனங்கள் தம் ஆட்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும். நம் பாறையைக் காட்டி எவரோ பிழைக்க, நம் பிள்ளைகள் பொதி சுமப்பர்.

ஆரம்பம் பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. தகுதியுள்ள சிலரைத் தெரிந்தெடுத்து, டார்ஜிலிங் போன்ற நிறுவகங்களுக்கு அனுப்பி ஆசிரியர்களாக்குதல் முதற்படி. ஊர்மக்கள் ஒப்பிய ஒரு சிறு பாறை, ஓர் ஆசிரியருக்கு நான்கைந்து மாணவருக்கு மேற்படாத குழு, தரமான கருவிகள், அருகே முதலுதவியும் வாகனமும் என்பன இரண்டாம் படி. விளையாட்டுத்துறை அமைச்சு உரிம விதிகளை வகுத்தல் மூன்றாம் படி. இவற்றுக்கு ஆகும் செலவு, திறப்புவிழாவோடு பூட்டப்படும் கட்டடங்கள் சிலவற்றின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாகாண சபைத் தேர்தல் நடைபெறாது ஆண்டுகள் பல கழிந்துவிட்ட நிலையில், இத்தகைய சிறு முயற்சிக்குக்கூடக் கொழும்பின் முகத்தை நோக்கியிருக்க வேண்டியுள்ளமை வருந்தத்தக்கது. எனினும் பாடசாலை அதிபர்களும், ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும், புலம்பெயர்ந்த உறவுகளும் ஒன்றுகூடித் தொடங்கக்கூடியது இது. அடுத்த ஆண்டின் கோடை விடுமுறைக்கு முன்னராவது ஒரு குழு, ஒரு பாறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் இது தொடங்கப்படுமா என்பதற்கு உரியவர்கள் பதிலளிக்க வேண்டும்.